கித்தேரி வீட்டுப் பெரிய சனி

சந்தியாகுதுறையில் அந்த வருஷம் ஆண்டவர் உயிர்த்த பாஸ்கா ஞாயிறு எல்லா வீட்டுக்கும் வந்தது. கித்தேரி வீட்டுக்கு மட்டும் வரவில்லை. வழி தெரியாமல் போயிற்று என்று சொல்லவும் முடியாது, வலப்பக்கத்து வீட்டுக்கும் வந்தது, இடப்பக்கத்து வீட்டுக்கும் வந்தது, எதிர்வரிசையில் கோயிலுக்கே போகாத கொத்தனார் வீட்டுக்குக்கூட வந்து உட்கார்ந்து ஆட்டுக்கறி தின்றுவிட்டுப் போனது. ஆனால் கித்தேரி வீட்டுக்குள் அதற்கு முந்தின நாள் நுழைந்த பெரிய சனி, ஊரெல்லாம் ஞாயிறாகி, திங்களாகி, வைகாசியாகி, ஆனியாகி, கச்சான் காற்று கிளம்பி மணலை வாரி வீட்டுக் கூரைகளில் அடித்த பிறகும், கிளம்ப மனமில்லாத விருந்தாளிபோல அங்கேயே காலை நீட்டி உட்கார்ந்துவிட்டது.

அவள் வாசற்படியைத் தாண்டி உள்ளே வந்தால் தெரியும். வெளியே கோயில் மணி கணீரென்று அடித்துக்கொண்டிருக்கும்; படியைத் தாண்டியதும் அதே மணி, தவக்காலத்துக் கடைசி நாட்களில் மணிக்குப் பதிலாகக் கோயில்பிள்ளை தட்டுவாரே, அந்த மரக்கட்டைச் சத்தமாகக் காதில் விழும். வீட்டுப் பீடத்து மாதா சொரூபத்தைத் தவக்காலத்துக்காக மூடியிருந்த ஊதாத் துணியை எடுத்தால் அதற்கு அடியில் இன்னொரு ஊதாத் துணி இருக்கும், அதை எடுத்தால் இன்னொன்று இருக்கும், எடுத்துச் சலித்துத் திரும்ப மூடிவிட வேண்டியதுதான். அல்லேலூயா என்ற சொல் அந்த வீட்டுக்குள் யார் வாயிலும் வராது. தொண்டைக்குள் வந்து நின்று இருமலாகப் போகும். பாஸ்கா அப்பத்துக்கென்று பெரிய சனி காலையில் அரைத்து வைத்த மாவு, பானையில் பொங்காமலும் புளிக்காமலும் அப்படியே வெள்ளையாகக் கிடந்தது. குருத்து ஞாயிறன்று அவள் புருஷன் தஸ்நேவிஸ் கோயிலிலிருந்து கொண்டுவந்து சிலுவையாகப் பின்னி நிலைப்படியில் செருகிய தென்னங்குருத்து, நேற்றுச் செருகியதுபோலப் பச்சையாகவே இருந்தது.

ஊரில் யாரும் இதை அதிசயம் என்று சொல்லவில்லை. சொல்லாததற்குக் காரணம் இருந்தது.

பெரிய வியாழன் பூசையில் மணி அடங்கிவிட்டால், பெரிய சனி பாஸ்காப் பூசையில் வானவர் கீதம் பாடும்போதுதான் மறுபடி அது அடிக்கும். மணி அடங்கினால் சந்தியாகுதுறையில் கடலும் அடைத்துவிட்டது என்று அர்த்தம். வள்ளங்களை மேட்டில் ஏற்றி, இஞ்சினைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோய், வலையைச் சுருட்டி வைத்துவிட்டு ஆண்கள் எல்லாரும் ஆண்டவருடைய பாடுகளுக்குப் போய் நிற்பார்கள். ஆண்டவர் கல்லறையில் கிடக்கும்போது கடலில் கால் நனைப்பவன் அந்தக் கரையில் பிறந்தவனாக இருக்க முடியாது. யாரும் எழுதி வைத்த சட்டம் இல்லை இது. எழுதியிருந்தால் யாராவது மீறியிருப்பார்கள்.

தஸ்நேவிஸ் மீறினான். அவனாக மீறவில்லை, கித்தேரி மீறச் சொன்னாள். மகள் ஜெனோவாவைப் பெண் பார்க்கப் பெரியதட்டு ஊரிலிருந்து பாஸ்கா ஞாயிறன்று வருவதாகச் சொல்லியிருந்தார்கள். மாப்பிள்ளை கிளாட்வின் கப்பலில் வேலை பார்க்கிறவன், நல்ல பையன், ஜெனோவாவுக்கும் பிடித்திருந்தது. வீட்டில் அரிசி இருந்தது, தேங்காய் இருந்தது, மீன் மட்டும் இல்லை. கடலடைப்பு நாளில் எந்த வீட்டிலும் இருக்காது.

"வாரவிய பொண்ணப் பாக்கத்தானட்டி வாராவ, மீனு திங்கவா வாராவ? ஒரு அப்பம் போதாதா?" என்றான் தஸ்நேவிஸ்.

"மீன்காரன் வீட்டுக்கு வந்து வெறும் அப்பத்தத் தின்னுட்டுப் போனோம்னு காலமெல்லாம் சொல்லிக் காட்டுவாவ. எம்புள்ளதான் அதக் கேட்டுக்கிட்டுக் கெடக்கணும். கரைக்குப் பக்கத்துலதான, ஒரு சீலா கெடச்சாலும் போதும், போயிட்டு வாங்க" என்றாள் கித்தேரி.

பெரிய சனி காலையில் அவன் பழைய கட்டுமரத்தை இறக்கிக்கொண்டு போனான். மதியம் ஆயிற்று, வரவில்லை. சாயந்தரம் காற்று மாறியது. ஊர் ஆண்கள் கரையில் கூடிவிட்டார்கள், இஞ்சின்களைத் தோளில் சுமந்து வந்து மாட்டிவிட்டார்கள், வள்ளங்களைத் தண்ணீர் ஓரம்வரை தள்ளியும்விட்டார்கள். அப்புறம் தள்ளாமல் நின்றார்கள். மணி அடிக்கவில்லை. ஒருவன் முகத்தை ஒருவன் பார்த்தான். இவன் இறங்கினால் நானும் இறங்குவேன் என்று எல்லாருமே நினைத்ததால் ஒருவனும் இறங்கவில்லை. பூசை ஆரம்பித்து, புதுத்தீ மூட்டி, வாசகமெல்லாம் வாசித்து, வானவர் கீதம் தொடங்கி, மணி அடித்த அந்த நொடியில் எல்லா வள்ளங்களும் ஒன்றாகக் கடலில் பாய்ந்தன. விடிந்தபோது கட்டுமரத்தைக் கொண்டுவந்தார்கள். ஆளைக் கொண்டுவரவில்லை.

ஆக, அந்த மணி கித்தேரி வீட்டுக்குள் கேட்கவில்லை என்றால் அதில் ஆச்சரியப்பட யாருக்கு முகம் இருக்கிறது?

அன்று மாலை கித்தேரிக்குத் துணையாக அவள் வீட்டு முன்சாய்ப்பில் உட்கார்ந்திருந்தவன் லெயோன். ஊரிலேயே பெரிய குடிகாரன், ஆனால் தவக்காலம் முழுக்கத் தொடமாட்டான். விபூதிப் புதன் சாம்பல் நெற்றியில் பட்டதும் நிறுத்துவான். பாஸ்கா மணி அடித்ததும், மணி நாக்கு மறுபக்கம் மோதுவதற்குள் கடை வாசலில் நிற்பான். மற்றவர்களோடு அவன் கரைக்குப் போகாததற்குக் காரணம், தாயையும் மகளையும் தனியாக விட்டுவிட்டு எல்லாருமே கரைக்குப் போய்விட்டதுதான். மணி அடித்தபோது அவனுக்கு அது கேட்கவில்லை. மறுநாள் காலை அவன் பெண்டாட்டி பாக்கியசீலி தேடிக்கொண்டு வந்தபோது, கல்யாணமாகி வந்த நாளிலிருந்து பாஸ்கா ஞாயிறன்று தெளிந்த கண்ணோடு பார்த்திராத அந்த மனுஷன் தெளிந்த கண்ணோடு சாய்ப்பில் உட்கார்ந்து தஸ்நேவிஸின் வலைக்குப் பொத்தல் அடைத்துக்கொண்டிருந்தான். படியைத் தாண்டி உள்ளே வந்து நின்று, மரக்கட்டைச் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டு, பாக்கியசீலிதான் முதலில் விஷயத்தைப் புரிந்துகொண்டாள். புரிந்ததும் அவள் அழுதாள். துக்க வீட்டில் சந்தோஷத்துக்கு அழுகிறோமே என்ற வெட்கத்தில் இன்னும் கொஞ்சம் அழுதாள்.

அதன் பிறகு லெயோன் கடலுக்குப் போய்வந்து கரையில் கால் வைத்த கையோடு அந்தச் சாய்ப்புக்கு ஓடிவருவான், கடையைச் சாத்தும்வரை அங்கேயே இருந்துவிட்டுத் தன் வீட்டுக்குப் போவான். தாகம் இருந்தது, இல்லாமலில்லை. ஆனால் தவக்காலத்தில் எப்படிக் குடிப்பது? இதைப் பார்த்த மற்றப் பெண்களும் தங்கள் தங்கள் குடிகாரச் சொத்தை ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். சாய்ப்பில் உட்கார இடமில்லாமல் முற்றத்தில் சாக்கு விரித்தார்கள். தவக்காலத்தில் ஒருசந்தி நோன்பு பிடிக்காமல் ஏமாற்றியவர்கள் ஆடி மாதத்தில் வந்து பிடித்துக்கொடுத்துவிட்டுப் போனார்கள். அண்ணன் தம்பிச் சண்டைக்காரர்களைக் கூட்டிவந்து உட்காரவைத்தார்கள், பெரிய சனியன்று யாரும் குரலை உயர்த்த முடியாது என்பதால் சண்டை பாதியில் படுத்துவிடும். பங்குச்சாமி ஒருநாள் தீர்த்தச் செம்போடு வந்தார். படியைத் தாண்டியதும் செம்பு காய்ந்துபோனது, பெரிய சனியன்று கோயில் தீர்த்தத்தொட்டியே காலியாகத்தானே கிடக்கும். அவர் செம்பைக் கவிழ்த்துப் பார்த்தார், முழங்காலில் இருந்து ஒரு மணிநேரம் செபித்தார், போகும்போது, "நல்ல அமைதியான வீடு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

திருநாட்கள் ஒவ்வொன்றாக வந்து அவள் வாசலில் நின்று பார்த்துவிட்டுப் போயின. நற்கருணைப் பவனி அந்தத் தெருவில் வந்தபோது அவள் வாசலுக்கு நேரே பாடகர்களுக்கெல்லாம் இருமல் வந்தது. சந்தியாகப்பர் திருநாளில் சப்பரம் வந்து நின்றபோது அவள் நீட்டிய மாலை கைமாறும்வரை ஊதாவாக இருந்து, கைமாறியதும் சிவப்பானது. பரலோக மாதா திருநாளன்று பக்கத்து வீட்டுக்காரி ஒரு கிண்ணம் கறி கொண்டுவந்தாள்; படியைத் தாண்டியதும் கறியின் வாசனை அணைந்துவிட்டது, கித்தேரி அதை அப்படியே திருப்பிக் கொடுத்தாள். யாரும் வருத்தப்படவில்லை. அவள் ஒருத்திதான் அத்தனை திருநாளையும் பட்டினியாகவே பார்த்துக்கொண்டிருந்தாள், ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமல்.

அவள் ஏன் அழவில்லை என்று ஊர் நினைத்ததற்கும் உண்மைக்கும் வெகுதூரம். கல்மனசு என்றார்கள் சிலர், பித்துப் பிடித்துவிட்டது என்றார்கள் சிலர். கித்தேரி தெளிவாகத்தான் இருந்தாள். சனிக்கிழமை காலையில் போனவர் சனிக்கிழமை முடிவதற்குள் வந்தால் போதும். சனிக்கிழமை முடியவில்லை. ஆகவே அவர் இன்னும் வராமல் போய்விடவில்லை, தாமதம்தான் ஆகியிருக்கிறது. தாமதமாகிற மனுஷனுக்காக எவளாவது ஒப்பாரி வைப்பாளா?

ஐப்பசியில் கிளாட்வினின் தாய் சிநேகப்பூ பெரியதட்டிலிருந்து வந்தாள். நல்ல மனுஷி, இத்தனை மாதம் பொறுத்திருந்தவள். பையன் கிறிஸ்துமஸுக்குக் கப்பலேற வேண்டும். திருவருகைக் காலம் தொடங்கினால் கோயிலில் கல்யாணம் வைக்க மாட்டார்கள். அதற்குள் முடித்துவிட வேண்டும் என்று சொல்லிக்கொண்டே, வாங்கிவந்த கூறைப்புடவையைப் பையிலிருந்து எடுத்தாள். வெளியே இளஞ்சிவப்பாக இருந்த பட்டு அவள் மடியில் விரிந்தபோது பீடத்துத் துணியின் நிறத்துக்கு வந்திருந்தது. சிநேகப்பூ அதைத் தடவிப் பார்த்தாள், முகம் வாடிவிட்டது.

"மதினி, நான் குறையாச் சொல்லல. ஆனா கல்யாணத்துக்கு மூணு ஞாயித்துக்கெழம கோயில்ல கல்யாண ஓலை வாசிக்கணும். ஞாயித்துக்கெழமையே வராத வீட்டுப் பொண்ணுக்கு எந்த ஞாயித்துக்கெழம வாசிக்க? தபசு காலத்து வீட்லேருந்து பொண்ண எறக்குனா எங்க ஊர்ல என்ன சொல்லுவாவ?"

கித்தேரி புடவையை மடித்து அவள் பைக்குள் வைத்தாள். ஒரு காப்பித்தண்ணிகூடக் கொடுக்க முடியாத வெட்கத்தோடு படிவரை போய் அனுப்பிவைத்தாள்.

இதைச் சாய்ப்பில் இருந்து கேட்ட லெயோன் வீட்டுக்குப் போய்ச் சொல்ல, மறுநாள் பாக்கியசீலி இன்னும் நாலு பெண்களைக் கூட்டிக்கொண்டு வந்தாள். "அக்கா, இதுக்கு ஏன் கலங்குதிய? புள்ளைய எங்க வீட்ல கொண்டு வச்சுக்கிடுதேன். எங்க வீட்ல ஞாயித்துக்கெழம ஒழுங்கா வருது. எங்க வீட்லேருந்தே எறக்கி விடுவோம், கறிச்சோறு எங்க செலவு. நீங்க இந்தச் சனிக்கெழமைய மட்டும் வெளிய விட்டுறாதிய" என்றாள். சொல்லும்போது அவள் கண் சாய்ப்பில் உட்கார்ந்திருந்த லெயோன்மேல் இருந்தது. கித்தேரிக்கு அந்த யோசனை நல்லதாகவே பட்டது. மகளுக்கும் வாழ்க்கை கிடைக்கும், புருஷனுக்கும் நேரம் கிடைக்கும்.

ஜெனோவா கன்னியர் மடத்துப் பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்கு டீச்சர். ஞாயிறுதோறும் கோயிலுக்குப் போய் ஊரோடு ஞாயிறாக இருந்துவிட்டு, வாசலில் செருப்பைக் கழற்றும்போது ஞாயிறையும் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வருகிறவள். அதிர்ந்து பேசமாட்டாள். பெண்கள் போனபிறகு தாய் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"நான் நம்ம வீட்லேருந்துதாம்மா எறங்குவேன். இல்லன்னா எறங்கவே மாட்டேன்."

"பைத்தியக்காரி மாதிரிப் பேசாதட்டி."

"யம்மா, நம்ம வீட்டுக்கு ஏன் ஞாயித்துக்கெழம வரலன்னு ஊரே பேசுது. வெள்ளிக்கெழம வந்துச்சான்னு யாராவது கேட்டாவளா?"

"ஏன், பெரிய வெள்ளிக்குப் பாடு பாக்க நாம போவலையா?"

"அது ஆண்டவருக்கு. அப்பாவுக்கு யாரு அழுதா? யாரு தூக்குனா? யாரு மண்ணு போட்டா? ஆண்டவரையே அடக்கம் பண்ணுன பொறவுதான சனிக்கெழம வந்துச்சு. நாம அடக்கமே பண்ணாம சனிக்கெழமைல வந்து உக்காந்துருக்கோம். பின்ன எப்படிம்மா விடியும்?"

கித்தேரி மகளை அடிக்கக் கையை ஓங்கினாள். பெரிய சனியன்று யாரையும் அடிக்க முடியாது. கை தானாகக் கீழே வந்து அவள் மடியிலேயே விழுந்தது.

"உங்கப்பா வருவாவட்டி" என்றாள்.

"வரட்டும்மா. வந்தா எனக்கும் சந்தோசந்தான். ஆனா நீங்க அவியளுக்காவக் காத்திருக்கல. போவச் சொன்னத நெனச்சுப் பயந்துபோயி உக்காந்துருக்கிய. அன்னைக்கு நானும் அடுப்படியிலதான் நின்னேன். வேண்டாம்பான்னு ஒரு வார்த்த நானும் சொல்லலியே."

 கித்தேரி எழுந்துபோய் நிலைப்படியில் இருந்த குருத்துச் சிலுவையைத் தொட்டுப் பார்த்தாள். பச்சையாக, ஈரமாக, அவன் விரல் மடித்த மடிப்பு மாறாமல் இருந்தது. இது காய்ந்தால் தாங்குவேனா என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். தாங்கமாட்டாள் என்றுதான் தோன்றியது.

கல்லறைத் திருநாளன்று சாயந்தரம் ஊர் முழுக்கக் கல்லறைத் தோட்டத்தில் கூடியிருந்தது. சுண்ணாம்பு அடித்த கல்லறைகள்மேல் பூப்போட்டு மெழுகுதிரி ஏற்றியிருந்தார்கள். கடலில் போனவர்களுக்குக் கல்லறை கிடையாது, நடுவில் நிற்கிற பெரிய சிலுவையின் காலடியில்தான் திரி ஏற்றுவார்கள். கித்தேரி மெழுகுதிரி கொண்டுவரவில்லை. தஸ்நேவிஸின் வேட்டியில் சுற்றி, பிள்ளையைத் தூக்குவதுபோல அந்தக் குருத்துச் சிலுவையைத் தூக்கிக்கொண்டு வந்தாள், பின்னால் ஜெனோவா வந்தாள். பெரிய சிலுவைக்குப் பக்கத்தில் லெயோன் குழி வெட்டிவைத்திருந்தான். ஆளைக் கூப்பிட வேண்டியிருக்கவில்லை, விஷயம் காதில் விழுந்ததும் அவனே மண்வெட்டியோடு போய்விட்டான். இந்தக் குழி யாருடைய தாகத்தைத் திறந்துவிடப்போகிறது என்று அவனைவிட நன்றாக யாருக்கும் தெரியாது. ஆனாலும் ஆழமாகவே வெட்டியிருந்தான்.

பங்குச்சாமி அடக்கச் செபத்தைத் தொடங்கினார். வேட்டிப் பொதியை இறக்கிய பிறகு கித்தேரி குழி ஓரத்தில் மண்டியிட்டாள்.

"நான்தாங்க போவச் சொன்னேன்" என்றாள், எதிரில் ஆள் இருப்பதுபோலச் சாதாரணமாக. "நீங்க வேண்டாம்னுதான் சொன்னிய. ஒரு மீனுக்காவ ஒங்கள அனுப்புனேன். எனக்குப் போதும், இனி நீங்க வரவேண்டாம், அங்கனயே இருங்க."

அதற்குப் பிறகு வந்தது பேச்சில்லை. இத்தனை மாதம் வைக்காத ஒப்பாரி கிளம்பியது. பெரிய வெள்ளியில் மகனை மடியில் கிடத்திய மாதாவுக்காக ஊர்ப் பெண்கள் ஓலமிடுவார்களே, அந்த மெட்டு, ஆனால் பெயர் மட்டும் தஸ்நேவிஸ். பெண்கள் ஒவ்வொருவராக அதில் சேர்ந்தார்கள். அன்றைக்குக் கரையில் நின்ற ஆண்கள் தலையைத் தூக்காமல் வந்து ஆளுக்கு ஒருபிடி மண் போட்டார்கள். "மணிக்காவ நின்னுட்டோம், தாயி" என்று ஒருவர் சொல்ல ஆரம்பித்து முடிக்க முடியாமல் நகர்ந்தார். கித்தேரி அவரைப் பார்த்தாள், மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

வீட்டுக்குத் திரும்பிப் படியேறும்போது திரிகாலச் செப மணி அடித்தது. ஊருக்கு அது வழக்கம்போல மும்மூன்றாகத்தான் கேட்டது. அந்த வீட்டுக்குள் மட்டும், அடிக்க வேண்டிய நாளில் அடிக்காமல் தங்கிப்போன பாஸ்கா மணி முழுதாக, நிற்காமல், சுவர் அதிர அடித்தது. கித்தேரி காதைப் பொத்தவில்லை. நடுவீட்டில் நின்று கடைசி அடிவரை கேட்டாள்.

விடிந்தபோது ஊரில் சாதாரண வேலைநாள். அவள் வீட்டில் ஞாயிறு. பீடத்துத் துணி தானாக நழுவிக் கிடந்தது. பானையில் மாவு பொங்கி மூடியைத் தள்ளி நின்றது. கொடியில் கிடந்த தஸ்நேவிஸின் சட்டையில் இருந்த உப்பு வாடை போய்விட்டது. முகர்ந்து பார்த்தாள், துணி வாசனை மட்டும்தான் இருந்தது. அவள் பெட்டியிலிருந்து வெள்ளைச் சேலையை எடுத்துக் கட்டிக்கொண்டு அடுப்பைப் பற்றவைத்தாள்.

லெயோன் பழக்கத்தில் சாய்ப்புக்கு வந்தான். படியில் கால் வைத்ததும் ஞாயிறு என்று தெரிந்து காலை இழுத்துக்கொண்டான். பின்னாலேயே வந்த பாக்கியசீலி அவன் சட்டையைப் பிடித்தாள். கித்தேரி ஒரு தட்டில் அப்பம் வைத்து, தேங்காய்ப்பால் ஊற்றிக் கொண்டுவந்து கொடுத்தாள். நின்றபடியே தின்றான். தின்று முடித்துவிட்டு, தெருக்கோடியில் கடை இருக்கிற திசையை ஒருதரம் பார்த்தான். பாக்கியசீலி சட்டையை விடவில்லை. "என்னக்கா இப்படிப் பண்ணிட்டிய" என்று கேட்டாள். கித்தேரி அவள் கையிலும் ஒரு அப்பத்தைக் கொடுத்துவிட்டு உள்ளே வந்தாள்.

பாஸ்கா ஞாயிறன்று பெண் பார்க்க வருவதாகச் சொன்னவர்கள் பாஸ்கா ஞாயிறன்று வருவதுதானே முறை. ஜெனோவா போன் பண்ணிச் சொல்ல, பதினோரு மணி பஸ்ஸில் பெரியதட்டுக்காரர்கள் வந்து இறங்கினார்கள். சிநேகப்பூ படியைத் தாண்டியதும் முதல் வேலையாகப் பையைத் திறந்து புடவையைப் பார்த்தாள். இளஞ்சிவப்பாகவே இருந்தது. கித்தேரியின் வெள்ளைச் சேலையையும் பார்த்தாள், அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பாய் விரித்து எல்லாருக்கும் இலை போட்டார்கள். கித்தேரி அப்பத்தை வைத்தாள், தேங்காய்ப்பால் ஊற்றினாள். வைக்க வேறொன்றும் இல்லை. இலைகளில் வெறுமையாகக் கிடந்த பாதியைப் பார்த்தபோது அவளுக்குக் கை ஓடவில்லை.

"மீன் இல்ல மதினி" என்றாள்.

சிநேகப்பூ அப்பத்தைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டே நிமிர்ந்தாள். "நல்லாருக்கே, நாங்க பொண்ணப் பாக்க வந்தோமா, மீனு திங்க வந்தோமா? இந்த ஒரு அப்பம் போதாதா?" என்று சொல்லிவிட்டு, பக்கத்தில் இருந்த மகனிடம், மாவு எவ்வளவு பக்குவமாகப் பொங்கியிருக்கிறது பார் என்று காட்டினாள்.

கித்தேரி கரண்டியோடு அப்படியே நின்றாள். ஜெனோவா தாயின் முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்திருக்கப் போனாள். கித்தேரி வேண்டாம் என்று தலையசைத்தாள். அடுப்படிக்குப் போய்ச் சுவரைப் பார்த்துச் சற்று நேரம் நின்றாள், முந்தானையால் முகத்தைத் துடைத்தாள், கல் காய்ந்துவிட்டதா என்று தண்ணீர் தெளித்துப் பார்த்தாள், அடுத்த அப்பத்துக்கு மாவை ஊற்றினாள்.